கண் பாடகரிடம், கை தோலிடம்

தெருக்கூத்தில் மிருதங்கம் வாசிப்பவர் தன் கையைப் பார்ப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய அவர் பார்ப்பது வேஷக்காரரின் கால்களை. துரியோதனன் கிறிக்கி சுற்றி நிற்கிற இடத்தில் அடி விழ வேண்டும். இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் அந்த வேஷத்தின் கம்பீரம் குலைந்துவிடும். விழுப்புரம் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கிற ஊர்களில் பிறந்தவர்கள் இதைச் சின்ன வயதிலேயே மண்தரையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். திருவெண்ணெய்நல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சோறு போடுவது அதுதான். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதணி விழா என்று அழைப்பு வந்தால் நண்பர்களோடு மேடை ஏறுகிறேன். கச்சேரியில் கிடைப்பது ஸ்டிக்குக்கும் தோலுக்கும் வண்டி வாடகைக்கும் போய்விடும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேடைக்கு எதை எடுத்துப்போகிறேன், எப்படி வைக்கிறேன், எதைப் பட்டறைப் பரணிலேயே விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்தக் கூத்து மிருதங்கக்காரரிடமிருந்து எடுத்தது: கண் பாடுகிறவரிடம் இருக்க வேண்டும், கை எதையும் தேடக் கூடாது.

எங்கள் ஊரில் தாளத்துக்குப் பஞ்சமில்லை. கிருபாபுரீஸ்வரர் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்குத் தவில். மாசியில் மேல்மலையனூர் மயானக் கொள்ளையிலும் சுற்றுவட்டாரத்து அங்காளம்மன் கோயில்களிலும் பம்பையும் உடுக்கையும். திருவிழாவுக்கும் சாவுக்கும் பறை. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட். அதில் பெரிய டிரம் அடிக்க ஒருவர், சைடு டிரம் அடிக்க ஒருவர், தட்டு தட்ட ஒருவர் என்று மூன்று பேர் நடந்து வருவார்கள். டிரம்ஸ் செட் என்பது அந்த மூவரின் வேலையையும் ஒருவர் உட்கார்ந்தபடி செய்வது. அதைச் சாத்தியமாக்கியது கால் பெடல். சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் 1909இல் வேகமாக மிதிக்கக்கூடிய பெடலைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1920களில் இடது காலுக்கும் வேலை வந்து, அது மெல்ல இன்றைய ஹைஹேட் ஆயிற்று. பெரிய டிரம்காரரும் தட்டுக்காரரும் இப்போது என் இரண்டு பாதங்களில் இருக்கிறார்கள். ஆகவே செட்டைப் பற்றிய பேச்சைக் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலுக்கு முதல் தேவை ஸ்டூல். டிரம்ஸ் வாங்குகிறவர்கள் கடைசியில் நினைத்துப் பார்ப்பதும், நான் முதலில் வண்டியில் ஏற்றுவதும் இதுதான். விழாக் குழுவினர் அன்போடு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். அதன் கைப்பிடி முழங்கையை இடிக்கும்; பலகை அசையும்போது அதன் கால்கள் விரியும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி ஸ்டூலைத் திருகி வைத்துக்கொண்டால் தொடை லேசாகக் கீழ்நோக்கிச் சரியும். அப்போதுதான் பாதத்தின் எடை தானாகப் பெடலில் விழும். தாழ்வாக உட்கார்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடையைத் தூக்க வேண்டியிருக்கும். மூன்று மணி நேரக் கச்சேரியில் அந்த வலி முதலில் இடுப்பில் தெரியும், பிறகு தாளத்தில் தெரியும்.

அடுத்தது, காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், அதாவது கிக், நகராமல் இருக்க வேண்டும். மிதிக்க மிதிக்கக் கிக் டிரம் முன்னால் ஊர்ந்து போகும். வலது கால் அதைத் துரத்திக்கொண்டே நீளும், உடம்பு சாயும், கை எட்டாத தூரத்துக்கு எல்லாம் போய்விடும். எங்கள் பக்கத்து மேடைகள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை பரப்பியவை. சின்ன விழாவென்றால் டிராக்டர் டிரெய்லரே மேடை. இரண்டிலும் வழுக்கல் அதிகம். நான் தடித்த கம்பளம் ஒன்றை எடுத்துப்போகிறேன். அதன் மேல்தான் செட் முழுவதும் நிற்கும், என் ஸ்டூலும் நிற்கும். கிக்கின் இரண்டு முன்கால்களிலும் கயிறு கட்டி ஸ்டூலின் அடிக்காலில் இழுத்து முடிந்துவிடுவேன். என் எடையே கிக்கைப் பிடித்துக்கொள்ளும். கம்பளத்தின் முன் ஓரத்தில் இரும்பு ஆங்கிள் ஒன்றைப் பட்டறையில் வளைத்துப் பொருத்தியிருக்கிறேன். கயிறு அறுந்தாலும் கிக் அதைத் தாண்டாது.

அந்தக் கம்பளத்துக்கு இன்னொரு பயன் உண்டு. ஒவ்வொரு ஸ்டாண்டின் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று கலர் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்டாண்டு குழாய்களிலும் எந்த உயரத்தில் திருகை இறுக்க வேண்டும் என்பதற்கு அரத்தால் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். எந்த ஊர் மேடையானாலும் செட் ஒரே மாதிரி நிற்கும். நேற்று பட்டறையில் கை போன இடத்துக்கு இன்று மேடையிலும் போனால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. விலை உயர்ந்த சிம்பல் தட்டு எதுவும் எனக்கு இந்த டேப் துண்டுகள் அளவுக்கு உதவியதில்லை.

இனி செட்டின் அளவு. டிரம்ஸ் கலைஞர் சிவமணி மேடையில் தன்னைச் சுற்றி அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, டிரம்ஸ் என்றால் நிறைய இருக்க வேண்டும் என்று இளம்பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் தண்ணீர் கேனையும் சூட்கேசையும்கூட வாத்தியமாக்குகிறவர். அத்தனையில் எதையும் தேடாமல் எடுக்கிற கை அவருடையது. அது சிறு வயதிலிருந்து இரவும் பகலும் அதே தொழிலாக இருந்தவரின் கை. பகலில் கேட் வெல்டு செய்கிற என் கைக்கு அளவு வேறு. 20 அங்குலக் கிக், சைடு டிரம்மின் இடத்தில் 14 அங்குல ஸ்னேர், மேலே 12 அங்குல டாம் ஒன்று, வலப்புறம் 14 அங்குல ஃப்ளோர் டாம் ஒன்று. சிம்பல்களில் ஒரு ஜோடி ஹைஹேட், ஒரு கிராஷ், ஒரு ரைடு. இடப்புறம் மின்னணுப் பேடு. அவ்வளவுதான்.

இரண்டு டாம் போதுமா என்று கேட்பார்கள். ஒன்று போதாது என்பது உறுதி. இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே போடும் உருட்டல்களை எங்கள் ஊர்க்காரர்கள் பாட்டின் வரியைப் போலவே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வரும்போது கூட்டத்தில் பத்துப் பேர் காற்றில் கை வீசுவார்கள். உயரத்திலிருந்து தாழ்வுக்கு இறங்கும் அந்தப் பேச்சைச் சொல்ல இரண்டு குரல்களாவது வேண்டும். மூன்றாவது டாம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அதை மேலே மாட்டினால் எனக்கும் பாடகருக்கும் நடுவில் அது நிற்கும். ஆகவே அது பரணில் இருக்கிறது. கிராஷையும் முகத்துக்கு நேரே வைப்பதில்லை. இடப்பக்கம் ஒதுக்கி, தோளுக்குக் கீழே.

மேடையில் டிரம்ஸை நட்டநடுவே பின்சுவரோடு ஒட்டி வைப்பது வழக்கம். பார்வைக்கு அது எடுப்பாக இருக்கும். நான் முடிந்தவரை பாடகர்களின் இடப்பக்கம், மேடையின் ஓரமாக, அவர்களை நோக்கிச் சற்றுத் திரும்பினாற்போல் இடம் கேட்பேன். பின்னால் இருந்தால் பாடகரின் முதுகுதான் தெரியும். ஓரத்திலிருந்து பார்த்தால் அவர் மூச்சு இழுப்பது தெரியும், சரணத்தை இன்னொரு முறை பாடப்போகிறாரா என்பது முகத்தில் தெரியும், கீபோர்டு வாசிக்கும் அண்ணனின் தலையசைப்பும் தெரியும். கூத்தில் வாத்தியக்காரர்களுக்குப் பெஞ்சு போடுகிறவர்கள் இதை எப்போதோ யோசித்து வைத்துவிட்டார்கள்.

சுதி சேர்ப்பதைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மேடை டிரம்ஸ்களில் பத்துக்கு எட்டு சுதி சேர்க்காமல் அடிக்கப்படுகிறது என்பது என் வருத்தம். தவிலைப் பாருங்கள். பலா மரக் கொட்டு. வலப்பக்கம் விரல் கூடு, இடப்பக்கம் பூவரசங் கழி. முன்பெல்லாம் தோல் வாரை இழுத்து இழுத்துத்தான் வலந்தலையை ஏற்றுவார்கள். இன்று இரும்பு வளையமும் போல்ட்டும் போட்ட தவில்கள் எங்கும் வந்துவிட்டன. ஸ்பேனர் வைத்து ஏற்றுகிறார்கள். டிரம்ஸிலும் அதே போல்ட்தான். ஆனால் தவில்காரர் ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்பும் தட்டித் தட்டிப் பார்த்து ஏற்றுகிறார்; டிரம்ஸ்காரர் செட் வாங்கிய நாளில் கடைக்காரர் இறுக்கியதோடு விட்டுவிடுகிறார்.

முறை எளியது. ஒரு போல்ட்டைத் திருகியதும் அடுத்ததற்குப் போகாமல் எதிரே இருப்பதற்குப் போக வேண்டும். வட்டமாகச் சுற்றி வந்தால் தோல் ஒரு பக்கம் இழுபடும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, ஸ்டிக்கால் மெல்லத் தட்டி எல்லா இடத்திலும் ஒரே குரல் வருகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு அடித்தோல். அடியில் ஒரு தோல் இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்தோல் அடிக்குப் பதில் சொல்லும். அந்தப் பதில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அடித்தோல் தீர்மானிக்கும். நான் டாம்களுக்கு அடித்தோலை மேல்தோலைவிடச் சற்று ஏற்றி வைக்கிறேன். ஸ்னேரின் அடித்தோல் மிக மெல்லியது, அதை நன்றாகவே ஏற்றலாம். டாமும் ஸ்னேரும் ஒரே சுதியில் நின்றால் டாமை அடிக்கும்போதெல்லாம் ஸ்னேரின் அடியிலுள்ள கம்பிகள் சேர்ந்து இரையும். இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினால் இரைச்சல் அடங்கிவிடும். மெலடிப் பாட்டின் நடுவில் வேலை இல்லாதபோது ஸ்னேரின் பக்கவாட்டுப் பிடியைத் தட்டிக் கம்பியை விலக்கி வைப்பதும் நல்ல பழக்கம்.

இடத்துக்குத் தக்கபடி சுதியும் மாறும். கோயில் திடலில் மேலே வானம், சுற்றிலும் வயல். அடித்த ஒலி திரும்பி வராது. அங்கே தோலின் மேல் டேப்பும் துணியும் ஒட்டினால் டிரம்ஸ் அட்டைப்பெட்டி மாதிரி ஒலிக்கும். ஆகவே திடலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தோலைத் திறந்து விடுகிறேன். கிக்குக்குள் ஒரு துண்டு மட்டும், அதுவும் மேல்தோலை லேசாகத் தொட்டபடி. கல்யாண மண்டபம் நேர்மாறு. கிரானைட் தரை, வழவழப்பான சுவர், உயரத்தில் காங்கிரீட் கூரை. ஓர் அடி மூன்று அடியாகத் திரும்பி வரும். அங்கே கிக்குக்குள் தலையணை, டாம்களில் டேப், ஸ்டிக்குக்குப் பதில் மூங்கில் ஈர்க்குகளைக் கட்டாகக் கட்டிய ராட். திடலுக்கு 5ஏ ஸ்டிக், மண்டபத்துக்கு மெலிந்த 7ஏ அல்லது ராட். பறையில் மெலிந்து நீண்ட சிண்டுக் குச்சி ஒரு கையிலும் தடித்த அடிக்குச்சி மறு கையிலும் இருப்பதைக் கவனித்தவர்களுக்குக் குச்சியின் கனம் எவ்வளவு பேசும் என்று தெரியும்.

பறையை வைக்கோல் தீயில் காய்ச்சிவிட்டு அடிக்கிறார்கள். ஈரக் காற்றில் மாட்டுத் தோல் தளர்ந்துவிடும் என்பது காரணம். டிரம்ஸில் இன்று இருப்பது பாலியெஸ்டர் படலம். 1950களின் பிற்பாதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மார்கழிப் பனி அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டோலக், தபேலாக்காரர்களைப் பனி படாதபாடு படுத்தும். அவர்களுக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். டிரம்ஸ் தோல் பனிக்கு அசையாவிட்டாலும் வெயிலுக்கு அசையும். நண்பகலில் திறந்த மேடையில் சேர்த்த சுதி இரவில் அப்படியே நிற்காது. பொழுது சாய்ந்த பிறகு இன்னொரு சுற்று சாவி போட்டுப் பார்ப்பேன்.

சிம்பல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல சிம்பல் என்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். மணி வார்க்கும் உலோகக் குடும்பம்தான். மலிவானவை பித்தளை. பித்தளையில் கிராஷ் அடித்தால் ஒலி விரியாமல் தட்டு விழுந்த சத்தத்தோடு முடியும். பணம் இருந்தால் டிரம்ஸைவிட சிம்பலுக்கு அதிகம் செலவழிக்கலாம். மேல் நட்டை இறுக்கி முடுக்கிவிடாதீர்கள். சிம்பல் ஆட வேண்டும். ஆட விடாவிட்டால் கீறல் விழும்.

இப்போது பேடு. எங்கள் பக்கத்து மெல்லிசை மேடையில் பேடு இல்லாமல் கச்சேரி இல்லை. ரோலண்ட் நிறுவனத்தின் முதல் ஆக்டாபேட் 1985இல் வந்தது. எட்டு ரப்பர் தட்டுகள். அதற்குள் சொந்த ஒலி கிடையாது, வேறொரு கருவியை இயக்கத்தான் அது. 1998இல் வந்த எஸ்பிடி-20 ஒலிகளையும் உள்ளேயே வைத்திருந்தது. நம் ஊர் மேடைகள் அதை இரு கை நீட்டி வாங்கிக்கொண்டன. 2010இல் எஸ்பிடி-30. 1992இல் 'ரோஜா' படம் வந்த பிறகு திரைப்பாட்டின் தாளம் பல அடுக்குகளாகிவிட்டது. டோலக்கும் இயந்திரத் தாளமும் கைதட்டலும் உலோகச் சத்தமும் ஒரே நேரத்தில் ஓடும் பாட்டை டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஊர் கேட்டபடி கொடுக்க முடியாது.

பேடில் மேலே நான்கு, கீழே நான்கு தட்டுகள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிகளை மாற்றிக்கொள்ளலாம். ஒலியை மாற்றலாம், இடத்தை மாற்றக் கூடாது என்பது நான் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பது. தாழ்ந்த குரல் எப்போதும் கீழ் இடது ஓரம்: டோலக்கின் தொப்பியானாலும், தவிலின் இடந்தலையானாலும் அங்கேதான். ஓங்கிய குரல் கீழ் வலது. கைதட்டலும் மணியும் எப்போதாவது வருவனவும் மேல் வரிசை. அப்படி வைத்தால் பத்தாவது பாட்டில் எந்தத் தட்டில் எது என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பாட்டு வரிசையையும் பேடு எண்ணையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஃப்ளோர் டாமின் பக்கத்தில் மாட்டியிருப்பேன்.

பேடு எதைச் செய்யக் கூடாது என்பதும் முக்கியம். கிக்கையும் ஸ்னேரையும் பேடிலேயே முடித்துவிட்டு வெறும் ஸ்டாண்டோடு போய்வருகிறவர்கள் உண்டு. வண்டி வாடகை மிச்சம்தான். ஆனால் பேடின் ஒலி ஸ்பீக்கர் வழியாக மட்டுமே வரும். மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தோலின் அடி நேராக நெஞ்சில் விழ வேண்டும். ரப்பர் தட்டு அதைத் தராது.

அம்மன் பாட்டுக்குப் பம்பை ஒலியைச் சொந்தமாகப் பதிவு செய்து ஏற்றும் வசதி சில பேடுகளில் இருக்கிறது. பம்பை இரட்டை வாத்தியம்: ஒன்று மரம், ஒன்று வெண்கலமோ பித்தளையோ, இரண்டும் சேர்த்துக் கட்டி இடுப்பில் தொங்கும். அந்த இரண்டு உடல்களின் உராய்வையும் குச்சியின் உறுமலையும் எந்தப் பதிவும் முழுதாகப் பிடிப்பதில்லை. பதிவு செய்வதானால் வாசிக்கிறவரின் சம்மதத்தோடு, உரிய பணம் கொடுத்துச் செய்ய வேண்டும். விழா நடக்கும் ஊரிலேயே பம்பைக்காரர் இருந்தால் என் விருப்பம் வேறு: அவரையே மேடைக்கு அழைத்து மைக் கொடுத்துவிட்டு நான் கிக்கில் மட்டும் கூட நிற்பேன். அங்காளம்மன் பாட்டு அந்த இரவில் இருப்பதுபோல் வேறெந்த இரவிலும் இருப்பதில்லை.

மைக்செட் அண்ணன்கள் இல்லாமல் நாங்கள் இல்லை. "தம்பி, டிரம்ஸுக்கு ரெண்டு மைக்குதான் இருக்கு" என்பார். "போதும்ணே" என்பேன். உண்மையிலேயே போதும். ஒன்று கிக்கின் முன்தோல் ஓட்டைக்கு அருகே. இன்னொன்று ஸ்னேருக்கும் ஹைஹேட்டுக்கும் நடுவே, ஸ்னேரை நோக்கி. டாமும் சிம்பலும் பாடகர் மைக்குகள் வழியே தாமாகவே வந்து சேரும். ஒன்றே ஒன்று என்றாலும் வழி இருக்கிறது: கிக்கின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, என் வலது முழங்காலுக்கு அருகில், ஸ்னேரைப் பார்த்தபடி வைத்தால் கிக், ஸ்னேர், ஃப்ளோர் டாம் மூன்றும் ஓரளவு சமமாக விழும். 1965இல் வந்த ஷுர் எஸ்எம்57 இன்னும் உலகெங்கும் ஸ்னேருக்கு முன்னால் நிற்கிறது. நம் ஊரில் அஹூஜா மைக் நிற்கிறது. வைக்கிற இடம் சரியாக இருந்தால் இரண்டிலும் பாட்டு கேட்கும்.

நான் விட்டுக்கொடுக்காமல் கேட்பது ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். காரணத்தை விழாக் குழுவினருக்கு விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். தெரு நெடுகக் கம்பங்களில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருப்பார்கள். மின்சாரம் அந்தக் குழாய்க்கு நொடியில் போய்விடும். குழாயிலிருந்து ஒலி என்னிடம் திரும்பி நடந்து வர வேண்டும். எங்கள் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளியுள்ள குழாயின் ஒலி ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் குத்துப்பாட்டில் அது கால் தட்டுக்கும் அதிகம். 175 மீட்டர் தள்ளியுள்ள குழாய் சரியாக ஒரு தட்டு பிந்தும். பக்கத்தில் மானிட்டர் இல்லாமல், திரும்பி வரும் அந்த ஒலியோடு சேர்ந்து அடித்தால் பாட்டு மெல்ல மெல்ல இழுபடும். கூட்டம் "டிரம்ஸ் இழுக்குது" என்று சொல்லும்போது பல நேரம் இழுப்பது அந்தக் குழாய்தான்.

கரண்டு விஷயத்தில் நான் வெல்டர் என்பதால் கண்டிப்பு அதிகம். பேடுக்கு இணைப்பை மிக்சர் எடுத்திருக்கும் அதே பாயிண்ட்டிலிருந்து எடுப்பேன். வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தால் 'ஹம்' என்ற இரைச்சல் வரும். அந்த இரைச்சலைப் போக்கப் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஈர மண்ணில் நிற்கும் இரும்பு மேடை, வியர்த்த கை, உதட்டில் தொடும் மைக், 230 வோல்ட். இரைச்சலுக்கு, பேடை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்டை விலக்கும் சுவிட்ச் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். மேடை இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால் உயிருக்குக் காவல். சீரியல் செட்டும் மேடையும் ஒரே ஜெனரேட்டரில் ஓடினால் வோல்டேஜ் இறங்கி பேடு அணைந்து எழும். ஆகவே பேடுக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வைத்திருக்கிறேன்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். டிரம்ஸ்காரரின் காதருகே கிராஷ் அதைச் சாதாரணமாகத் தாண்டும். இசைக்காரர்களுக்கென்றே செய்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன. அவை ஒலியைக் குறைக்கும், மழுக்காது. பஞ்சு அடைத்தால் ஹைஹேட் காணாமல் போகும். கூட்டத்தின் காதையும் ஊரின் தூக்கத்தையும் நினைக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சமய, பண்பாட்டு விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். தளர்வு இருந்தாலும் 10 மணிக்கு முடிப்பதே எனக்குப் பிடித்தம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எந்தத் தெருவிலும் இருக்கும்.

கடைசியாக ஒரு பை. அதில் ஸ்னேர் தோல் ஒன்று, ஸ்னேர் கம்பியை இழுத்துக் கட்டும் நாடா, பெடலின் ஸ்பிரிங், பீட்டர், நட்டுகள், சிம்பலுக்கு ஃபெல்ட், இரண்டு டிரம் சாவி, ஸ்டிக்குகள், டார்ச், டேப், சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் வளையங்கள். ஸ்டாண்டு திருகு மரை தேய்ந்துபோனால் அந்த டியூப் வளையம்தான் இரவைக் காப்பாற்றும்.

புதிதாக டிரம்ஸ் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இது. சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்கு ஒருமுறையாவது போய், வாங்காவிட்டாலும் உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல பெடல், நல்ல ஸ்டூல், பிறகு ஸ்னேர், பிறகு ஹைஹேட். மீதியைப் பழையதாக வாங்கினாலும் தோல் மாற்றிச் சுதி சேர்த்தால் பாடும். வாங்கிய பிறகு எங்கள் பக்கம் கூத்து நடக்கும் ஓர் இரவு முழுக்க மிருதங்கக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பார்க்கிற இடத்தைப் பாருங்கள்.

விழாக் குழு நடத்தும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோட்டீசில் இரவு 7 மணிக்கு இன்னிசைக் கச்சேரி என்று போட்டால் மேடையை மாலை 5 மணிக்கே எங்களிடம் கொடுத்துவிடுங்கள். எர்த் உள்ள பிளக் பாயிண்ட் ஒன்று, ஆடாத பலகை, பாடுகிறவர்களின் முகம் தெரிகிற ஓர் ஓரம். டிரம்ஸ்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான்.